சந்தேகம்: சோதனையில் தாங்கிய மாதிரி கணினியில் முன்னதாகவே முறிகிறது

அலுமினிய_மாணவர்:
வணக்கம். அலுமினியம் 6061-டி6 என்ற கலப்புலோகத்தின் உருளை மாதிரி ஒன்றை இழுவிசைச் சோதனையில் முறித்துவிட்டு, அதையே அபாகஸ் என்ற கணினி மென்பொருளில் உருவகித்துப் பார்க்கிறேன். சோதனையில் 38 கிலோநியூட்டன் வரை தாங்கி, 8 மி.மீ. நீண்ட பிறகே முறிந்தது. கணினியிலோ 36 கிலோநியூட்டனைத் தாண்டாமல் 3.1 மி.மீட்டரிலேயே முறிந்துவிடுகிறது. மாதிரியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையான மெஷ்ஷை 2 மி.மீட்டரிலிருந்து 0.5 மி.மீட்டராக நுணுக்கினேன், அப்போது இன்னும் முன்னதாக, 2.6 மி.மீட்டரில் முறிந்தது. விசை-நீட்சி வரைபடத்தின் தொடக்கச் சாய்வும் ஒத்துவரவில்லை. திங்கட்கிழமை வழிகாட்டியிடம் காட்டியாக வேண்டும். எங்கே தவறு என்று யாரேனும் சொல்லுங்கள்.

வேகக்கணக்கு:
நேரத்தை மிகச் சிறு அடிகளாக நகர்த்திக் கணக்கிடும் எக்ஸ்பிளிசிட் முறையில் ஓட்டுகிறீர்கள் என்றால், கணக்கை விரைவாக்க நிறையைச் செயற்கையாகக் கூட்டும் மாஸ் ஸ்கேலிங்தான் காரணமாக இருக்கும். மெதுவான சோதனை ஒன்றை உருவகிக்கும்போது, இயக்க ஆற்றல் உள்ளாற்றலில் 5 முதல் 10 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். முதலில் அந்த வரைபடத்தைப் பாருங்கள்.

பழைய_ஆய்வகம்:
மாதிரியின் விட்டம் என்ன, அளவுநீளம் (நீட்சியை அளக்கக் குறித்த பகுதி) என்ன, அந்த 8 மி.மீ. எங்கே அளந்தது, முறிவுத் திரிபாக, அதாவது முறியும்போது நீண்ட விகிதமாக, என்ன எண்ணைக் கொடுத்தீர்கள் என்ற நான்கும் இல்லாமல் எதைச் சொன்னாலும் ஊகமாகவே இருக்கும்.

கோட்பாட்டாளர்:
இதே கேள்வி ஆண்டுக்கு நான்கு முறையாவது இங்கே வருகிறது. விசையைத் தொடக்கப் பரப்பால் வகுத்த பொறியியல் தகைவுக்கும், அந்தந்த நேரத்தில் சுருங்கிய பரப்பால் வகுத்த உண்மைத் தகைவுக்கும் உள்ள வேறுபாட்டை இளநிலையிலேயே கற்பிக்கிறார்கள். மென்பொருளைத் திறப்பதற்கு முன் பாடநூலைத் திறப்பது நல்லது.

அலுமினிய_மாணவர்:
மன்னிக்கவும், இவற்றைக் குறிப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. விட்டம் 12.5 மி.மீ., அளவுநீளம் 50 மி.மீ. இடப்பெயர்ச்சி, மாதிரியை இழுத்த யுடிஎம் சோதனை இயந்திரம் தந்த எண். மாதிரியின் மீதே பொருத்தி நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் உடைந்துவிடும் என்று 2 விழுக்காட்டிலேயே கழற்றிவிட்டோம். இயந்திரத்தின் வரைபடத்தில் யீல்டு, அதாவது உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் புள்ளி, ஏறக்குறைய 1.2 மி.மீட்டரில் வருகிறது. முறிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தபோது 50 மி.மீ. 56 ஆகியிருந்தது, ஆகவே முறிவுத் திரிபாக 0.12 கொடுத்தேன். ஆய்வக அறிக்கையில் இருந்த தகைவு-திரிபு வளைவை அப்படியே உள்ளிட்டேன். இயக்க ஆற்றல் 1 விழுக்காட்டுக்கும் கீழ்.

பழைய_ஆய்வகம்:
இப்போது பேசலாம். இயந்திரம் தந்த 8 மி.மீட்டரை முதலில் ஒதுக்கி வையுங்கள். இந்த உலோகத்தின் மீள்மை எண் (விறைப்பின் அளவு) சுமார் 69 கிகாபாஸ்கல், யீல்டு சுமார் 276 மெகாபாஸ்கல்; எனவே 50 மி.மீ. நீளம் யீல்டை எட்டும்போது 0.2 மி.மீ. மட்டுமே நீளும். தங்கள் வரைபடத்தில் 1.2 வருகிறது. மீதி 1 மி.மீ. பிடிகள் வழுக்கியதும், இயந்திரத்தின் சட்டம் வளைந்து கொடுத்ததும், மாதிரியின் தோள்பகுதி நீண்டதும் சேர்ந்த கணக்கு. சாய்வு ஒத்துவராததற்கு இதுவே காரணம். கணினியில் அளவுநீளம் நீண்டதை, துண்டுகளைச் சேர்த்து அளந்த அந்த 6 மி.மீட்டருடன்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, கோட்பாட்டாளர் சுட்டிய வளைவு. உச்சத்தில் 310 மெகாபாஸ்கல், திரிபு 8 விழுக்காடு என்றால் உண்மைத் தகைவு 310 × 1.08, அதாவது 335. உண்மைத் திரிபு 0.077. பொறியியல் எண்களையே உள்ளிட்டால் உலோகம் வலுவேறுவது குறைவாகத் தெரியும், கழுத்து சுருங்குவதும் (மாதிரி ஓரிடத்தில் மட்டும் மெலிவது) முன்னதாகவே தொடங்கும். உச்ச விசை 36-இல் நின்றது இதனால்தான். ஆனால் இந்தச் சூத்திரம் கழுத்து சுருங்கத் தொடங்கும் வரைதான் செல்லும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவதே பெரிய தவறு. 12 விழுக்காடு என்பது 50 மி.மீ. முழுவதற்குமான சராசரி. முறிந்த இடத்தில் உலோகம் அதைவிடப் பல மடங்கு நீண்டிருக்கும். வெர்னியரை எடுத்து, முறிந்த முனையின் மிகக் குறுகிய இடத்தில் விட்டத்தை அளந்து சொல்லுங்கள்.

விரிசல்_நேயர்:
இவ்வளவு சுற்றத் தேவையில்லை. மெஷ்ஷை 2 மி.மீட்டரிலேயே வைத்துக்கொண்டு, வளைவு பொருந்தும் வரை முறிவுத் திரிபை ஏற்றிக்கொண்டே போங்கள். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கோட்பாட்டாளர்:
அதற்குப் பெயர் கணிப்பு அல்ல. விடை தெரிந்த பிறகு கணக்கைத் திருத்துவது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் 2012-இல், சோதனை முடிவை மறைத்துவைத்துப் பல குழுக்களை முறிவைக் கணிக்கச் சொன்னபோது விடைகள் எவ்வளவு சிதறின என்பதைத் தேடிப் படியுங்கள்.

விரிசல்_நேயர்:
அந்தக் குழுக்களும் தங்கள் கணினி உருவகங்களை இழுவிசைச் சோதனைத் தரவைக் கொண்டே சீர்செய்தன. சீர்செய்யாத உருவகம் எங்கும் இல்லை.

நுண்கண்ணி:
இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. சீர்செய்வது குற்றமில்லை, எந்த அளவு மெஷ்ஷில் சீர்செய்தோமோ அந்த அளவுக்கு மட்டுமே அந்த எண் செல்லும் என்பதை மறைப்பதுதான் தவறு. பொருள் தளரத் தொடங்கியதும் திரிபு முழுவதும் மெஷ்ஷின் சிறு துண்டுகளான எலிமென்ட்களில் ஒரே வரிசைக்குள் குவிகிறது. எலிமென்ட் சிறிதாகச் சிறிதாக முறிவு விழுங்கும் ஆற்றலும் குறைகிறது. 1976-இல் ஹில்லர்போர்க் குழுவினர் கான்கிரீட்டுக்குக் காட்டிய வழி, திரிபைக் கொடுக்காமல், முறியும் பரப்பின் ஒவ்வோர் அலகுக்கும் இவ்வளவு ஆற்றல் என்று கொடுப்பது. அபாகஸில் சேதம் வளரும் விதியை இடப்பெயர்ச்சியாகவோ ஆற்றலாகவோ கொடுக்க முடியும். அதையும் செய்துவிட்டு இரண்டு மெஷ்களிலும் ஓட்டிப் பாருங்கள்.

அலுமினிய_மாணவர்:
முறிந்த முனை 9.7 மி.மீ. இருக்கிறது. நடுவில் கிண்ணம் போன்ற குழி, சுற்றிலும் சாய்வான விளிம்பு.

பழைய_ஆய்வகம்:
அப்படியானால் 12.5-ஐ 9.7-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, இயல் மடக்கை கண்டால், முறிந்த இடத்தின் உண்மைத் திரிபு 0.51. தாங்கள் கொடுத்த 0.12-ஐப் போல நான்கு மடங்குக்கும் மேல். அந்தக் குழியும் ஒரு செய்தி சொல்கிறது: நடுவில் நுண்துளைகள் வளர்ந்து இணைந்த பிறகே விளிம்பு சறுக்கி அறுந்திருக்கிறது. ஒன்று கேட்க வேண்டும்: இந்த எண்ணைப் பிறகு எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்?

அலுமினிய_மாணவர்:
வெட்டுப்பள்ளம் உள்ள தகடு ஒன்று எந்த விசையில் முறியும் என்று கணிப்பதே திட்டப்பணி.

பழைய_ஆய்வகம்:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் உலோகம் மூன்று திசைகளிலும் இழுபடுகிறது. அந்த நிலையில் துளைகள் மிக வேகமாக வளரும் என்று ஆய்வாளர்கள் ரைஸும் டிரேசியும் 1969-இலேயே காட்டியுள்ளனர். ஆகவே 0.51-ஐ அங்கே அப்படியே வைத்தால், தகடு உண்மையில் தாங்குவதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்று கணினி சொல்லிவிடும். பள்ளம் வெட்டிய உருளை மாதிரிகளை, இரண்டு வெவ்வேறு ஆரங்களிலாவது, முறித்துப் பார்த்துவிட்டுத் தகட்டுக்குப் போங்கள்.

அலுமினிய_மாணவர்:
மூன்றையும் திருத்தி, சேத விதியையும் மாற்றி ஓட்டினேன். உச்சம் 37.8 கிலோநியூட்டன், முறிவு 5.7 மி.மீ.; 1 மி.மீ., 0.5 மி.மீ. இரண்டு மெஷ்களிலும் ஏறக்குறைய அதேதான். பள்ள மாதிரிகளைக் கடையக் கொடுத்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.