அம்மாவின் நடைக்கு மூளை மின்தூண்டல்: பணம் கட்டலாமா?

காவிரிக்கரை:
வணக்கம். அம்மாவுக்கு 73 வயது, திருச்சியில் எங்களோடு இருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். வலிப்போ பக்கவாதமோ வந்ததில்லை. ஆனால் இப்போதெல்லாம் கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுதான் பதில் சொல்கிறார். இங்கே ஒரு மையத்தில், தலையில் பட்டை கட்டி லேசாகக் கரண்ட் கொடுத்தால் நடை தேறும் என்று மொத்தமாகப் பணம் கேட்கிறார்கள். பயிற்சி எப்போது என்றால், "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். கட்டலாமா?

முதியோர்_பிசியோ:
"அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்களே, அதற்காகவே கட்டாதீர்கள். பல வருடமாக முதியோருக்குப் பிசியோதெரபி செய்பவள் நான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவர்கள் சொல்வது டிடிசிஎஸ் ஆக இருக்கும், அதாவது தலைக்கு வெளியிலிருந்தே மூளைக்கு மெல்லிய நேர்மின்னோட்டம் கொடுக்கும் முறை. உப்புநீரில் நனைத்த பஞ்சு வழியாக 1 அல்லது 2 மில்லியாம்பியர், சுமார் 20 நிமிடம். அது நரம்பணுவை நேரே இயக்காது, எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவரும். 2001-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷே, பவுலஸ் என்ற ஆய்வாளர்கள் 13 நிமிடம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். விளைவு ஒன்றரை மணி நேரம் வரை நின்றது. அந்த நேரத்தில் எதைப் பழகுகிறோமோ அதற்கான பாதை வலுப்படும் என்பதுதான் எண்ணம். பயிற்சி இல்லாமல் பட்டை மட்டும் கட்டுவது, உலை வைத்துவிட்டு அரிசி போடாமல் இருப்பதுதான்.

இன்னொன்று, அந்தச் சோதனை கைக்கான பகுதியில் நடந்தது. அது மூளையின் வெளிப்புறம் இருக்கிறது. காலுக்கான பகுதியோ இரண்டு பாதிக்கும் நடுவே உள்ளே மடிந்து கிடக்கிறது. வயதாகி மூளை சுருங்கினால் மின்னோட்டம் போகும் வழியும் ஆளுக்கு ஆள் மாறும். முதியோரிடம் செய்த ஆய்வுகளில் ஒரு குழுவுக்குப் பயிற்சியோடு நிஜக் கரண்ட், இன்னொரு குழுவுக்கு அரை நிமிடம் சுருக்கென்று காட்டி நிறுத்திவிடும் போலிக் கரண்ட். பயிற்சி செய்ததால் பெரும்பாலும் இரண்டு குழுவுமே தேறுகிறது. நிஜக் கரண்ட் கூடுதலாக என்ன தந்தது என்பதில்தான் முடிவுகள் ஒத்துப்போவதில்லை.

பேசினால் நின்றுவிடுகிறார் என்றீர்களே, அதை அலட்சியம் செய்யாதீர்கள். அப்படி நிற்பவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-லேயே சுவீடனில் கண்டார்கள். பாஸ்டன் ஆய்வாளர்கள் இடது முன்மூளையில் கரண்ட் கொடுத்து, நடந்துகொண்டே கணக்குப் போடச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது அந்த வழிதான். ஆனால் அதுவும் இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது, காசு வாங்கிச் செய்யும் கட்டத்துக்கு வரவில்லை.

பயிற்சிக்கு ஆதாரம் தேடவே வேண்டாம். 2014-ல் வெளிவந்த அமெரிக்காவின் லைஃப் ஆய்வில் 70 முதல் 89 வயதுவரை 1,635 பேர். நடை, கால் வலு, சமநிலை என்று பழகியவர்களுக்கு நடமாட்டம் முடங்கும் அபாயம், சுகாதார வகுப்பு மட்டும் கேட்டவர்களைவிட 18 சதவீதம் குறைவு.

அம்மாவுக்குக் கெட்டியான திண்டு போட்டு நாற்காலியை உயர்த்துங்கள். கையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரட்டும், சுலபமானதும் உயரத்தைக் குறையுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். மாத்திரை மெட்ஃபார்மினா? நாள்பட எடுத்தால் பி12 குறையலாம், அதனால் பாத உணர்வும் நடையும் கெடும்.

வைகைப்பேரன்:
என் அத்தைக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு பிசியோவோடு சேர்த்து இதைக் கொடுத்தார்கள். பஞ்சு வைத்த இடத்தில் அரிப்பு, கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். நன்றாகத் தேறினார். ஆனால் அந்த வாரங்களில் தினமும் நடக்கவும் வைத்தார்கள், அதனால் எது கைகொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை. பேஸ்மேக்கர், தலைக்குள் உலோகம், வலிப்பு எதுவும் இல்லையென்று கேட்ட பிறகே தொடங்கினார்கள். உங்களிடம் அதையாவது கேட்டார்களா?

காவிரிக்கரை:
கேட்கவே இல்லை. பணம் கட்டப்போவதில்லை. அக்கா, மெட்ஃபார்மின்தான், பல வருடமாக. பி12 பார்த்ததே இல்லை, இந்த வாரமே எடுக்கிறோம். தேறுகிறாரா என்று வீட்டில் எப்படி அளப்பது?

முதியோர்_பிசியோ:
எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் வரை கைபேசியில் நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை போதும், அதே நாற்காலி, அதே செருப்பு. நடக்கும்போது பக்கத்திலேயே ஒருவர் நில்லுங்கள்.