கார் டயர் மாற்றிய மூவரின் அனுபவங்கள்: தீர்ப்பைப் பாதி பட்டன் தேய்ந்த பிறகு சொல்லலாம்

கோயம்புத்தூர் – ஸ்விஃப்ட் பெட்ரோல், 185/65 ஆர்15

புதிய டயர் போட்ட முதல் வாரத்தில் எழுதப்படும் பாராட்டுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டன், அதாவது சாலையைத் தொடும் வரிப்பள்ளங்கள் கொண்ட மேற்பகுதி, தேய்ந்து ரப்பரும் இறுகிப்போன பழைய டயரைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் பள்ள ஆழமுள்ள புதியதை மாட்டினால், அது எந்த நிறுவனத்தின் டயராக இருந்தாலும் சத்தம் குறையும், பிரேக் பிடிக்கும், வண்டி மெத்தென்று ஓடும். அந்த மகிழ்ச்சியில் பாதி, பழைய டயர் போய்த் தொலைந்த மகிழ்ச்சி. ஆகவே பாதி தேய்ந்த நிலையில், அதுவும் மழையில், டயர் எப்படி நடந்துகொண்டது என்பதை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி பெரும்பாலும் ஓடுவது சேலம் வழியாகச் சென்னை செல்லும் நெடுஞ்சாலையில். இடையிடையே மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதை. வண்டியோடு வந்த டயர்களுக்குப் பிறகு முதலில் போட்டது மிஷ்லின் எனர்ஜி எக்ஸ்எம்2. அது முடிந்தபின் அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப். இரண்டும் ஒரே வண்டியில், ஒரே அளவில் (185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயர விழுக்காடு, ஆர்15 என்பது 15 அங்குல ரிம்), ஒரே வழிகளில் ஓடியதால் ஒப்பிடுவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

மிஷ்லினில் நான் கண்ட சிறப்பு, ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது கிடைத்த நம்பிக்கை. பட்டன் பாதியாகத் தேய்ந்த பின்னும் அந்த நம்பிக்கை அதிகம் குறையவில்லை. உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, முன்னால் செல்லும் லாரியின் பின்விளக்கு திடீரெனச் சிவந்தாலும், காலை அழுத்திய அளவுக்கு வண்டி நேராக நின்றது. சாலை இணைப்புகளில் ஏறி இறங்கும் அதிர்வும் குறைவு. அப்பல்லோவின் பலம் வேறிடத்தில் இருக்கிறது: அது மெதுவாகத் தேய்கிறது. அதே ஓட்டத்தில் மிஷ்லினைவிடப் பட்டன் கூடுதலாக மிஞ்சியிருந்தது. விலையும் குறைவு என்பதால், கிலோமீட்டர் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அதுவே பொருத்தம். குன்னூர் கொண்டை ஊசி வளைவுகளில் மிஷ்லின் கொஞ்சம் கூர்மையாகத் திரும்பியது என்று சொல்வேன், ஆனால் நிதானமாக ஓட்டுபவருக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது. பெட்ரோல் சிக்கனத்தில் இரண்டுக்கும் இடையில் எதையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏசி போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிது.

ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் ரப்பர், உருளும்போது கூடுதல் ஆற்றலை வெப்பமாக இழப்பது இயல்பு. சிலிக்கா கலந்த ரப்பர் இந்த முரண்பாட்டைக் குறைக்கிறதே தவிர, இல்லாமல் செய்துவிடுவதில்லை. நீண்ட ஆயுள், ஈரப்பிடிப்பு, எரிபொருள் சிக்கனம், மென்மை ஆகிய நான்கையும் ஒரே விலையில் முழுமையாகத் தரும் டயர் கிடையாது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்துகொண்டு கடைக்குப் போனால் விற்பனையாளரின் பேச்சில் மயங்காமல் இருக்கலாம்.

இன்னொன்று, “எந்தக் கம்பெனி நல்லது?” என்று கேட்பதில் பயனில்லை. பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் சிக்கனத்தை முன்வைக்கும் ஈகோபியாவும் உண்டு, சொகுசையும் பிடிப்பையும் முன்வைக்கும் டுரான்சாவும் உண்டு. எம்ஆர்எஃப்பில் இசட்விடிவியும் பெர்ஃபின்சாவும் ஒரே குணம் கொண்டவை அல்ல. அப்பல்லோவிலேயே அமேசரும் அல்னாக்கும் வெவ்வேறு. ஒப்பிட வேண்டியது மாடலை, அதுவும் நம்முடைய அளவில்.

பக்கச்சுவர் வீங்கிய அனுபவமும் எனக்கு உண்டு. மேம்பாலப் பணி நடந்த இடத்தில் இரவில் ஒரு குழியில் விழுந்ததில், மறுநாள் காலை முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு தெரிந்தது. உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டதன் அடையாளம் அது. அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். இடிபட்டதால் வந்த சேதம் என்று சொல்லி வாரண்டியை மறுத்துவிட்டார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் மென்மையான பக்கச்சுவர் கொண்ட எந்த டயருக்கும் அந்தக் குழியில் அதே கதி நேர்ந்திருக்கலாம்.

சிவகங்கை – டிசையர், 165/80 ஆர்14

கோவை நண்பர் சொன்ன மென்மை எங்கள் பக்கத்துக்கு ஒத்துவராது. மானாமதுரையைத் தாண்டிக் கிராமத்துச் சாலைகளில் இறங்கினால், ஜல்லி பரப்பி மாதக்கணக்கில் தார் போடாமல் விட்டிருக்கும் நீளமான பகுதிகளும், சாலையோரம் வெட்டிப்போட்ட சீமைக்கருவேல முள்ளும் தான் டயரைச் சோதிக்கின்றன. நான் தொடர்ந்து எம்ஆர்எஃப் இசட்விடிவி போடுவதற்குக் காரணம் அதன் பக்கச்சுவரின் உறுதி. வேகத்தடையில் சற்றுத் தடதடக்கும், நெடுஞ்சாலையில் சத்தமும் கொஞ்சம் கேட்கும். ஆனால் இதுவரை பக்கவாட்டில் ஒரு வெட்டுக்கூட விழவில்லை. அத்துடன் இந்த அளவு எங்கள் ஊர்க் கடையிலேயே இருப்பில் கிடைக்கிறது. வெளியூரில் ஒரு டயர் கிழிந்தால் அதே மாடல் அன்றே கிடைக்குமா என்பதையும் தேர்வில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன். 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின், வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சில அளவுகளுக்கு உறவினர்கள் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கேள்வியும் உண்டு. அண்ணன் மகனுக்கு 185/65 ஆர்15 அளவுள்ள வண்டி. அவன் 195/65 ஆர்15 போட வேண்டும் என்கிறான். போடலாமா?

சென்னை – ஹோண்டா சிட்டி, 175/65 ஆர்15

நான் பயன்படுத்துவது யோகஹாமா எர்த்-1. தினசரி ஓட்டம் பழைய மகாபலிபுரம் சாலை. மாதம் ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி. சத்தம் குறைவு என்பதற்காகவே தேர்ந்தெடுத்தேன், அந்த வகையில் குறையொன்றுமில்லை. பட்டன் குறையக் குறைய, கான்கிரீட் தளத்தில் மட்டும் ரீங்காரம் கூடியது; தார்ச்சாலையில் கடைசிவரை அமைதியாகவே இருந்தது.

நான் சொல்ல விரும்புவது இரண்டு டயர் மட்டும் மாற்றுபவர்களுக்கானது. நம் ஊர்க் கடைகளில் ஏறக்குறைய எல்லோரும் புதிய ஜோடியை முன்னால் போடுவார்கள். என்ஜின் இழுப்பது முன்சக்கரம், ஆகவே அங்கேதான் பிடிப்பு வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆனால் டயர் நிறுவனங்களின் பரிந்துரை இதற்கு நேர்மாறானது. தேங்கிய நீரில் முன்சக்கரம் மிதந்தால் வண்டி நேராகச் சறுக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து, திருப்பும் கட்டுப்பாடு திரும்பக் கிடைத்துவிடும். பின்சக்கரம் மிதந்தாலோ வண்டியின் பின்பகுதி சுழன்றுவிடும், அதைத் திருத்துவது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். எனவே நல்ல டயர் பின்னால் இருக்க வேண்டும். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் பின்னால் மாட்டினார். பிறகு ஒரு நாள் சோழிங்கநல்லூர் அருகே தேங்கிய நீரில் முன்பக்கம் மட்டும் ஒரு கணம் லேசாகி, மறுகணமே பிடித்துக்கொண்டபோது, அந்த விவாதம் வீண்போகவில்லை என்று தோன்றியது.

கோயம்புத்தூர் – மீண்டும்

சிவகங்கை நண்பரின் கேள்விக்கு: 185/65 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர்; 195/65 ஆர்15 என்றால் 634. அதாவது இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். முன்பு வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியபோது ஸ்பீடோமீட்டர் முள் எங்கே நின்றதோ, அதே இடத்தில் முள் நிற்கும்போது இனி வண்டி 102க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று விழுக்காட்டுக்குள் இருப்பதால் கணக்குப்படி தவறில்லை. ஆனால் ஐந்து பேர் ஏறிய வண்டி முழுதாகத் திரும்பும்போது டயர் உள்பக்கத்தில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். அகலம்தான் வேண்டுமென்றால் 195/60 ஆர்15 விட்டம் 615 வருகிறது. குறை ஒரு விழுக்காடு அளவுதான். எதைப் போட்டாலும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் குறியீடு பழையதைவிடக் குறையக்கூடாது. என் டயரில் 88எச் என்றிருக்கிறது: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை.

சென்னை நண்பர் சொன்ன பின்சக்கர விஷயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். சட்டப்படி பட்டனின் பள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகும் வரை ஓட்டலாம் என்றாலும், மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிய டயரோடு மழைக்கால நெடுஞ்சாலைக்கு நான் போவதில்லை. ஐப்பசிக்கு முன்பே மாற்றிவிடுவேன்.

விலை கேட்பவர்கள் கவனிக்க: 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அதற்கு முன் யாரேனும் சொன்ன விலையை வைத்து இப்போது பேரம் பேசாதீர்கள். நைட்ரஜன் காற்றுக்குத் தனியாகப் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் தான். அந்தப் பணத்தை நான்கு புதிய வால்வுகளுக்கும் அலைன்மென்ட்டுக்கும் கொடுங்கள். டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நான்கிலும் பாருங்கள், கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் மேலே இருக்கும் ஒன்றை மட்டும்தான்.