காதடிக் கட்டிக்கு எலாஸ்டோகிராஃபி எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கரிசல்காட்டுக்காரி:
அப்பாவுக்கு இடது காது மடலுக்குக் கீழே உருண்டையாக ஒரு கட்டி. வலி இல்லை. சாதாரண ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் "எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம்" என்று ஸ்கேன் கருவியின் முனையை, அதான் ப்ரோபை, லேசாக அழுத்தி அழுத்தி எலாஸ்டோகிராஃபி எடுத்தார். திரையில் கட்டி முழுக்கச் சிவப்பு. அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், நான்தான் பார்த்தேன். சிவப்பைப் பார்த்தால் என்ன தோன்றும்? டாக்டர் ஒன்றும் பேசாமல் ஜெல்லைத் துடைக்க டிஷ்யூவை நீட்டினார். வெளியே உட்கார்ந்து அம்மாவுக்கு போனில் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். ரிப்போர்ட் வந்தது: மென்மையான கட்டி, உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் வார்தின் கட்டியாக இருக்கலாம். அந்த மெஷினில் சிவப்பு என்றால் மென்மையாம், நீலம்தான் கெட்டியாம்! ஊசி டெஸ்ட்டிலும் வார்தின்தான், புற்று இல்லை. அப்பா பீடியை விட்டதே இல்லை, அதனால் அப்படி வருவது சகஜம் என்றார்கள். ஒரு வார்த்தை அங்கேயே சொல்லியிருக்கலாமே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஸ்கேன்ரூம்வாசி:
அக்கா, வேறு கம்பெனி மெஷினில் இதே நிறங்கள் தலைகீழ், சிவப்புதான் கெட்டி. திரை ஓரத்தில் ஒரு வண்ணப்பட்டை இருக்கும், அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்தத் துறையிலேயே இருக்கும் எனக்கு உறுத்துவது வேறு ஒரு கேஸ். நடுத்தர வயதுப் பெண், பரோடிட்டில், அதாவது காதடி உமிழ்நீர்ச் சுரப்பியில், பாதி நீர் கோத்த சின்னக் கட்டி. கெட்டித்தன்மையை எண்ணாகச் சொல்லும் ஷியர் வேவ் முறையில் அளந்தால் கிலோபாஸ்கல் கணக்கு ரொம்பக் குறைவு, அதாவது மென்மை. கூட இருந்தவர் "மெத்தென்று இருக்கிறது, விடுங்கள்" என்றார். ஊசி போட்டுப் பார்த்தால் மியூகோஎபிடெர்மாய்ட், அதாவது புற்று. வீரியம் குறைந்த வகை என்பதால் ஆபரேஷனோடு முடிந்தது. ஆனால் அந்த "விடுங்கள்" காதிலேயே நிற்கிறது. இதற்கு நேர்மாறாக ப்ளியோமார்ஃபிக் அடினோமா சாதாரணக் கட்டிதான், உள்ளே குருத்தெலும்பு மாதிரிப் பொருள் இருப்பதால் கல் போலக் காட்டும்.

தஞ்சாவூர்த் தம்பி:
அப்படியானால் எதற்கு எடுக்கிறீர்கள் சார்? கெட்டியாக இருந்தாலும் புற்று இல்லை, மெத்தென்று இருந்தாலும் புற்று என்றால் அந்தப் படம் பில்லில் ஒரு வரி சேர்க்கத்தானே? எனக்குத் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பி வீங்கி, ஸ்கேனில் கெட்டி என்று வந்து, வீட்டில் ஒரே அழுகை. கடைசியில் பயாப்ஸியில் ஐ.ஜி.ஜி.4 அழற்சி, நோய் எதிர்ப்பு சக்தி கோளாறால் வரும் வீக்கம். ஸ்டீராய்டு மாத்திரையில் வற்றிவிட்டது.

கரிசல்காட்டுக்காரி அக்கா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நிறத்தை மறந்துவிடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கட்டி தோலோடு ஒட்டி அசையாமல் நிற்கிறதா, வலிக்கிறதா, திடீரென்று வேகமாக வளர்கிறதா, இவற்றைப் பாருங்கள். பரோடிட்டின் உள்மடலைத் தாடை எலும்பு மறைத்துவிடும், அங்கே அல்ட்ராசவுண்ட் எட்டாது. சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். அடினோமா வந்த யாராவது இதைப் படித்தால், கட்டியை மட்டும் நோண்டி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். உறை கிழிந்தால் பல வருடம் கழித்து மணிமணியாகத் திரும்ப வரும். முக நரம்பு அந்தச் சுரப்பிக்குள்தான் ஓடுகிறது, அதனால் பரோடிட்டில் கைப்பழக்கம் உள்ள சர்ஜனிடம் போங்கள். அப்புறம், அப்பாவின் பீடியை நிறுத்துங்கள். வார்தின் மறுபக்கத்திலும் வரலாம்.

ஸ்கேன்ரூம்வாசி:
தம்பி, பில் பற்றிச் சொன்னது ரொம்ப அநியாயம். பல மெஷினில் அது ஒரு பட்டன் வேலை, தனியாகக் காசு வாங்காத இடங்கள் இருக்கின்றன. ஊசியை எந்த இடத்தில் குத்துவது என்று பார்க்கவும் அது உதவும், நீர் கோத்த பகுதியில் குத்தினால் வெறும் திரவம்தான் வரும். ஆனால் அவசரக்காரர் கையில் கொடுத்தால் வம்பு. ப்ரோபைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலே மெத்தென்ற திசுவும் கெட்டியாகத் தெரியும். உங்களுக்கு எடுத்தவர் எப்படிப் பிடித்தாரோ! சரி, அது கையால் அழுத்தி நிறமாகப் பார்க்கும் ஸ்ட்ரெய்ன் முறையா, ஷியர் வேவா? ரிப்போர்ட்டில் கிலோபாஸ்கல் என்று எண் ஏதாவது போட்டிருந்ததா?

தஞ்சாவூர்த் தம்பி:
எண் எதுவும் இல்லை சார். "கெட்டி" என்று ஒரு வார்த்தைதான்.