மாதச் சம்பளம் இல்லாத பிழைப்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள் (கடலூர், புதுச்சேரி)

கெடிலக்கரையான்:
ஃப்ரீலான்ஸ் ஆளுக்கு வீட்டுக் கடன் என்றால் என்ன பாடு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஐடி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மெண்ட், வெளிநாட்டுப் பணம் வந்த ரசீது எல்லாம் பேங்குக்குக் கொண்டுபோயிருந்தேன். துணைக்கு வந்த மச்சான் அரசு ஆபீசில் ஜூனியர் அசிஸ்டெண்ட். மேனேஜர் ஃபைலில் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு "சேலரி ஸ்லிப் இல்லையா?" என்றார். அப்புறம் மச்சானைப் பார்த்து, "சார் எங்க வேலை?" அவன் சொன்னதும் முகமே மாறிவிட்டது. என் ரிட்டர்ன் நகல் ஒன்றை உருவி, கவிழ்த்துப் போட்டு, அதன் பின்பக்கத்தில் மச்சானுக்கு எவ்வளவு கடன், இஎம்ஐ எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவனுக்குக் கடனே வேண்டாம்! வருமானத்தில் நான் அவனுக்கு இரண்டு மடங்கு.

மிஷன்வீதி அக்கா:
நான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. முன்பு முழுப் பக்கமும் நான் செய்வேன். இப்போது ஏஜென்சிகள் மெஷின் செய்ததை அனுப்பி, "சரிபார்த்தால் போதும்" என்று பாதிக்கும் கீழே கூலி தருகிறார்கள். அதுகூடப் பழகிவிட்டது. போன மாதம் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்தார். அவர் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். பிரான்சிலிருந்து பென்ஷன் விஷயமாகக் கடிதம். பேரன் போனில் படம் எடுத்து, அதிலேயே தமிழில் மாற்றி வைத்திருந்தான். "நீ ஒரு தடவை பாத்துச் சொல்லும்மா, இவன் மேல நம்பிக்கை இல்ல" என்றார். வரிக்கு வரி பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. பெரியவர் பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். என்ன கேட்பது? எதற்கென்று கேட்பது?

வரவுசெலவு:
கெடிலக்கரை நண்பர் பேங்க்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நீங்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் ரிட்டர்ன் போட்டிருப்பீர்கள். வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்பதால் வரி குறையும், சரி. ஆனால் கடன் தருகிறவர் அந்தப் பாதியைத்தான் உங்கள் வருமானமாகப் பார்ப்பார். கடன் வேண்டுமென்றால் ஓரிரு வருடம் முன்பே கொஞ்சம் கூட்டிக் காட்டியிருக்க வேண்டும். அந்த முறைக்கு ஆண்டு வரவு வரம்பு 50 லட்சம். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது, ஆடிட்டரைக் கேளுங்கள். ஜிஎஸ்டி 20 லட்சம் தாண்டினால்தான். வெளிநாட்டு வேலை என்றால் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து ஜிஎஸ்டி இல்லாமல் பில் போடலாம். எல்லோரும் சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம். பதிவு இருந்தால் கம்பெனி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், இல்லையென்றால் அரசிடம் ஆன்லைனில் புகார் போடலாம். வேலைக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.
என் கதையா? சிப்காட்டில் ஒரு கம்பெனி எட்டு மாதம் இழுத்தடித்தது. புகார் நகலைக் காட்டிய அன்றே அக்கவுண்ட்ஸ்காரர் எழுந்து நின்று பேசினார்.

முத்தியால்பேட்டை பையன்:
அண்ணா, அவர் கடன் வாங்குவது எப்படி என்று கேட்கவே இல்லையே.
என்னுடையது ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் கரை ஏறியது, கரண்ட் போனது, எனக்கு டெலிவரி மறுநாள். விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் நடந்தேன். ஒரு டீக்கடையில் ஜெனரேட்டர் ஓடியது. பலகை முழுக்கப் போன்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு. நடுவில் என் லேப்டாப்பைச் செருகினேன். "தம்பி, இது ரொம்ப இழுக்கும், நாலு போன் காசு குடுத்துரு" என்றார் கடைக்காரர். கொடுத்தேன். ஹாட்ஸ்பாட்டில் ஃபைல் ஏறி 80 சதவீதத்தில் நின்றது, சிக்னல் போச்சு. கிளையண்ட் அன்பாகத்தான் பதில் போட்டார், பத்திரமாக இருங்கள் என்று. அடுத்த வாரம் அதே வேலையை வேறு ஆள் செய்துகொண்டிருந்தார். ஆபீஸ் வேலையாக இருந்தால் அன்று லீவு.

முள்ளோடை ரைடர்:
எல்லோரும் லேப்டாப் ஆட்கள். 2022-இல் நிதி ஆயோக் அறிக்கை சொன்ன 77 லட்சம் கிக் தொழிலாளர்களில், அதாவது நிரந்தர வேலை இல்லாமல் ஒவ்வொரு வேலைக்கும் கூலி வாங்குகிறவர்களில், நாங்களும் உண்டு, 2029-30-இல் 2.35 கோடி ஆவோமாம். மெக்கானிக்கல் முடித்தேன், சாப்பாடு டெலிவரி. ஒரு நாள் லாஸ்பேட்டையில் கதவைத் திறந்தது எனக்குத் தெர்மோடைனமிக்ஸ் எடுத்த சார். "பார்ட் டைமா?" என்றார். ஆமாம் சார் என்றேன். ஓடிபி சொல்லும்போது குரல் கம்மியது. அவருக்கா எனக்கா தெரியவில்லை.
கடலூரில் ஓட்டும் நண்பனுக்குத் தமிழ்நாட்டு கிக் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. இ-ஸ்கூட்டருக்கு 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025 பட்ஜெட்டில் சொன்னதும் விண்ணப்பம் போட ஓடினான். அதே ரோடு, அதே பை. எனக்குப் புதுச்சேரி ரேஷன் கார்டு, அதனால் அது எனக்கு ஆகாது. மத்திய அரசின் தொழிலாளர் பதிவான இ-ஷ்ரமில் மட்டும் பதிந்து வைத்திருக்கிறேன்.
வரவுசெலவு சார், இவ்வளவு சொன்னீர்கள், ரைடருக்குப் பெட்ரோல் செலவை எப்படிக் கழிப்பது? பில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.