கம்யூனிட்டி கார்டன்ல காய் திருட்டு, பாத்தியையும் மிதிச்சு நாசம் பண்றாங்க, என்ன பண்ணலாம்?

பாத்திக்காரி:
எங்க கம்யூனிட்டி கார்டன்ல ஆளுக்கொரு பாத்தி பிரிச்சு குடுத்திருக்காங்க. இந்த சீசன் பூரா காய் காணாம போகுது, நாளைக்கு பறிச்சுக்கலாம்னு விட்டுட்டு வந்தா மறுநாள் காம்பு மட்டும்தான் நிக்குது. அதுகூட பரவால்ல, யாரோ வேணும்னே பந்தல் கம்பை புடுங்கி போட்டு நாத்தையெல்லாம் மிதிச்சு வச்சிருக்காங்க, பூவாளியும் ஹோஸ் முனையில இருந்த தண்ணி பீச்சற பித்தளை ஸ்ப்ரே கன்னும் போச்சு. இடுப்பு உசரத்துக்கு வேலி இருக்கு, கேட்ல நம்பர் பூட்டு, ஆனா அந்த நம்பர் யார் யாருக்கு தெரியும்னே தெரியல. சிலர் கேமரா வைக்கலாம்ங்கறாங்க, ஒருத்தர் முள்கம்பிதான் சரிங்கறார். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

மண்புழு:
பித்தளையை அணில் தூக்கிட்டு போகாது, ஆனா காயையும் அதே ஆள்தான் எடுத்தான்னு முடிவு பண்ணிடாதீங்க. காம்பு நறுக்குன மாதிரி நேரா இருந்தா மனுஷன், பாதி கடிச்சது கீழ கிடந்தா எலி இல்லன்னா அணில்.

தக்காளியை செங்காயாவே பறிச்சுடுங்க. அடியில லேசா நிறம் திரும்பிடுச்சுன்னா போதும், வீட்டுக்குள்ள சும்மா வச்சாலே பழுத்துடும், வெயில்கூட வேணாம், ஃப்ரிட்ஜ்ல மட்டும் வச்சிடாதீங்க, பழுக்கறதும் நின்னுடும் ருசியும் போயிடும். தர்பூசணிக்கு இந்த கதை செல்லாது, பறிச்சப்புறம் இனிப்பு ஏறாது. பாதை ஓரமா கேரட், முள்ளங்கின்னு மண்ணுக்குள்ள விளையறதை போட்டுட்டு, கண்ணை பறிக்கிற காயை உள்ள தள்ளிடுங்க, போறபோக்குல கை வைக்கறவன் உக்காந்து தோண்ட மாட்டான். கிரீன் ஜீப்ரான்னு ஒரு தக்காளி ரகம் இருக்கு, பழுத்தாலும் சிவக்காது, லேசா மஞ்சள் ஓடின பச்சையாதான் இருக்கும், தெரியாதவங்க காய்னு நினைச்சு விட்டுடுவாங்க 😄

வேலிப்பருத்தி:
முள்கம்பி வேணவே வேணாம். இடுப்பு உசரத்துல போட்டா முதல்ல கிழியறது உங்க தோட்டத்துக்கு வர்ற குழந்தைங்க கைதான், அப்புறம் அந்த பொறுப்பும் உங்க தலையில விழும். தகரம் வச்சு அடைக்கவும் கூடாது, உள்ள பூந்தவனுக்கு அதுவே நல்ல மறைப்பா போயிடும், வெளிய நடந்து போறவங்களுக்கு உள்ள தெரியணும்.

இன்னொண்ணு, உங்க போர்டுல என்ன எழுதியிருக்கு? வெறும் "சமூகத் தோட்டம்"னு இருந்தா பொது சொத்துதானேன்னு நிஜமாவே நினைச்சு பறிக்கறவங்க இருக்காங்க. ஒவ்வொரு பாத்தியும் ஒருத்தர் உழைச்சு வளர்க்கறது, வேணும்னா கேளுங்கன்னு எழுதி வைங்க, கேட் பக்கத்துல ஒரு சின்ன பாத்தியை "இதுல யார் வேணா பறிச்சுக்கலாம்"னு விட்டுடுங்க.

சும்மா_ஒருத்தன்:
எதுக்கு இவ்வளவு? பூச்சிமருந்து அடிச்சிருக்குன்னு போர்டு வைங்க, ஒருத்தனும் தொடமாட்டான்.

வேலிப்பருத்தி:
@சும்மா_ஒருத்தன் பக்கத்து பாத்தியில மருந்தே அடிக்காம வளர்க்கறவர் முதல்ல உங்ககிட்டதான் சண்டைக்கு வருவார். பொய்னு ரெண்டாவது வாரமே தெரிஞ்சிடும். அதுக்காக நிஜமாவே எதையாவது கலந்து வைக்கலாம்னு யாரும் யோசிச்சிடாதீங்க, கேஸ் ஆயிடும்.

களைக்கொத்தி:
சொல்ல கஷ்டமாதான் இருக்கு, வேலியே பயிரை மேயறதும் நடக்கும். ஒருத்தர் ஊருக்கு போறப்ப "என் பாத்தியில பறிச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு போவார், வந்தவர் அடுத்த பாத்தியை காலி பண்ணிட்டு போயிடுவார். ஒவ்வொரு பாத்திக்கும் பெருசா நம்பர் போட்டு குச்சி நட்டாலே இது பாதி குறையும். யாராவது உறுப்பினர் விலகினா அன்னைக்கே பூட்டு நம்பரை மாத்திடுங்க.

கேமராவுக்கு முன்னாடி நிலம் யாரோடதோ அவங்ககிட்ட அனுமதி வாங்கணும், அதையே கழட்டிட்டு போறவனும் இருக்கான். சாமான் கைப்பிடிக்கெல்லாம் கண்ணை உறுத்தற பெயிண்ட் அடிங்க, விக்கறதும் கஷ்டம், எங்க பார்த்தாலும் அடையாளம் தெரியும். பித்தளை கன்னை வீட்டுக்கு எடுத்துட்டு போயிடுங்க.

நாசம் பண்ணதை போட்டோ எடுத்து தேதியோட எழுதி வச்சுட்டு, அன்னைக்கே பந்தலை நிமித்தி கட்டிடுங்க. உடைஞ்சது அப்படியே கிடந்தா இங்க கேக்க ஆளில்லன்னு அர்த்தமாயிடும். புகார் குடுக்கும்போது அந்த லிஸ்ட்டும் உதவும்.

பாத்திக்காரி:
எல்லாருக்கும் நன்றி. எங்க போர்டுல "அனைவரும் வருக"ன்னுதான் எழுதியிருக்கு 🤦 முதல்ல அதையும் பூட்டு நம்பரையும் மாத்தறோம். சாயங்காலத்துல ஆள் மாத்தி ஆள் ஒரு ரவுண்டு வர்றதுக்கு லிஸ்ட் போட்டா சரிவருமா, யாராவது பண்ணியிருக்கீங்களா?