கணினி அணைய மூன்று நிமிடம்: காத்திருப்பைக் குறைப்பதா, காரணத்தைத் தேடுவதா?

மாலைத்தென்றல்

அனைவருக்கும் வணக்கம். என் வீட்டு மேசைக் கணினியில் விண்டோஸ் 10 உள்ளது. நினைவகம் 16 ஜிபி. சேமிப்புக்குச் சுழலும் வகை ஹார்ட் டிஸ்க். பயன்படுத்தும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் ஷட் டவுன் கொடுத்தால், மேசைத்திரை உடனே மறைந்துவிட்டாலும், 'ஷட்டிங் டவுன்' என்ற எழுத்தும் சுழலும் புள்ளிகளும் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக அப்படியே நிற்கின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தாலும் இதே தாமதம்தான். அதே டிஸ்க்கில் லினக்ஸும் இருப்பதால் கணினியை விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை முன்பே அணைத்து வைத்திருக்கிறேன். வைரஸ் சோதனை செய்தாயிற்று, தற்காலிகக் கோப்புகளை நீக்கியாயிற்று, பயனில்லை. பொறுமையிழந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் பழக்கம் வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுவதற்குள் இதைச் சரிசெய்ய விரும்புகிறேன்.

வேகமே_வெற்றி

இதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. விண்டோஸ் அணையும்போது, திறந்திருக்கும் ஒவ்வொரு செயலியிடமும் பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சர்வீஸிடமும் வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்பட்டுள்ளது. 'வெயிட் டு கில் சர்வீஸ் டைம்அவுட்' என்ற மதிப்பை 2000 மில்லிவிநாடியாகக் குறையுங்கள். 'ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸ்' என்பதை 1 ஆக்குங்கள். பதில் சொல்லாத செயலிகளை விண்டோஸ் கேள்வியின்றி மூடிவிடும். எனக்குத் தெரிந்த கணினிகளில் எல்லாம் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறேன், இதுவரை எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை.

பழுதுநீக்கி

நண்பர் வேகமே_வெற்றி அவர்களின் கருத்தோடு நான் உடன்படவில்லை. காரணம் எளிய கணக்கு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சர்வீஸ்களுக்கான அந்தக் காத்திருப்பு 20 விநாடியாக இருந்தது; விண்டோஸ் 8 முதல் அது 5 விநாடிதான். அதை 2 ஆக்கினால் மிச்சமாவது 3 விநாடி. கேட்டவருக்கோ ஏறத்தாழ மூன்று நிமிடம் தாமதம். மீதி நேரம் எங்கே போகிறது என்று அந்த மாற்றம் சொல்லாது.

மேலும், முன்னதாகவே தகவல் வேண்டும் என்று பதிவு செய்துகொண்ட சில சர்வீஸ்களுக்கு, பொதுவான நிறுத்தத்துக்கு முன் தனியாக ஒரு கட்டம் உண்டு. விண்டோஸ் 10-இன் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை அதன் இயல்பான வரம்பு மூன்று நிமிடம். பிறகு 10 விநாடியாயிற்று. ஆயினும் ஒரு சர்வீஸ் தனக்குக் கூடுதல் நேரம் வேண்டுமென்று தானே கேட்டுப் பெற்றுக்கொள்ள முடியும். நீங்கள் குறைக்கச் சொல்லும் மதிப்பு அந்தக் கட்டத்தைத் தொடுவதே இல்லை.

'ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸ்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சேமிக்காத கடிதம் ஒன்று திறந்திருக்கும்போது அணைக்கும் கட்டளை கொடுத்தால், விண்டோஸ் நிறுத்தி 'இந்தச் செயலி தடுக்கிறது' என்று காட்டுகிறதே, அந்தக் கடைசி வாய்ப்பைத்தான் இந்த மாற்றம் பறிக்கிறது. தீங்கு நேரவில்லை என்பது, நேரும்போது நாம் பார்க்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

வேகமே_வெற்றி

இயக்குதளத்தை உருவாக்குபவர்களே காத்திருப்பைக் குறைத்து வருகிறார்கள் என்பதை நீங்களே எடுத்துக்காட்டிவிட்டீர்கள். லினக்ஸிலும் அதே கதைதான். அங்கே சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, ஒரு சர்வீஸ் நிற்பதற்கு இயல்பாக 90 விநாடி காத்திருக்கும். 'ஸ்டாப் ஜாப்' என்று தொடங்கும் சிவப்பு நட்சத்திர வரியைப் பார்த்து அலுத்துப் போகாதவர் உண்டா? ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 38-ஆம் பதிப்பில் அதை 45 விநாடியாகக் குறைத்தார்கள். அவர்கள் செய்தால் மேம்பாடு, நாம் செய்தால் குறுக்குவழியா? வீட்டுக் கணினியில் வங்கியின் தரவுத்தளமா ஓடுகிறது? நள்ளிரவில் அணைத்துவிட்டுத் தூங்கப் போக நினைப்பவருக்குக் காரண ஆராய்ச்சி எதற்கு?

உறங்கும்பூனை

இருவரும் தேவையற்ற சண்டை போடுகிறீர்கள். கணினியை அணைக்காமல் ஸ்லீப் நிலையில் வையுங்கள். நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் செல்லும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அணைத்தால்தானே தாமதம்?

பழுதுநீக்கி

உறங்கும்பூனை அவர்களே, ஸ்லீப் நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அப்டேட் வந்தால் ஒரு முறையாவது ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். அப்போது அதே மூன்று நிமிடம் காத்துக்கொண்டிருக்கும். தவிர, இரண்டு இயக்குதளங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவருக்கு முழு நிறுத்தம் தவிர்க்க முடியாதது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மீண்டும் இயக்கச் சொல்லியும் யாரேனும் வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த வசதியில் பயனர் கணக்கு மட்டுமே மூடப்படுகிறது, விண்டோஸின் கருப்பகுதி ஹைபர்நேட் கோப்பில் எழுதி வைக்கப்படுகிறது. கருப்பகுதி மூடும்போது வரும் சிக்கலை அது தீர்க்காது, மறைக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மறைத்தது வெளியே வந்துவிடும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுதினால் கோப்புகள் பாழாகும் என்பதால், மாலைத்தென்றல் அவர்கள் அதை அணைத்து வைத்திருப்பது சரியே.

வேகமே_வெற்றி அவர்களுக்கு: நேரத்தைக் குறைக்கவே கூடாது என்பது என் வாதமல்ல. எந்தக் கட்டத்தில் நேரம் போகிறது என்று பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தைத் தொடுங்கள் என்கிறேன். மாலைத்தென்றல் அவர்களே, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன் கீழ் 'சிஸ்டம்' பதிவுக்குச் செல்லுங்கள். கடைசியாக அணைத்த நேரத்தில் 1074 என்ற எண்ணுள்ள பதிவையும் 6006 என்ற எண்ணுள்ள பதிவையும் தேடுங்கள். முதலாவது அணைக்கும் கட்டளை கொடுக்கப்பட்ட கணம். இரண்டாவது நிகழ்வுப் பதிவுச் சர்வீஸ் நின்ற கணம். இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள்.

மாலைத்தென்றல்

பார்த்தேன். 1074 இரவு 9:40:12-க்கு. 6006 இரவு 9:40:18-க்கு. ஆனால் திரை அணைந்தபோது சுவர்க் கடிகாரம் 9:43 காட்டியது.

பழுதுநீக்கி

ஆறு விநாடி! அப்படியானால் செயலிகளும் சர்வீஸ்களும் விரைவாகவே விடைபெற்றுவிட்டன. தாமதம் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் காத்திருப்பைப் பூஜ்யமாக்கினாலும் இங்கே எதுவும் மாறப்போவதில்லை.

வேகமே_வெற்றி

மன்னிக்கவும், இந்த முடிவுக்கு அவ்வளவு விரைவில் வர முடியாது. பொது நிறுத்தக் கட்டத்தில் சர்வீஸ்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து தகவல் சொல்லப்படுவதில்லை. எனவே நிகழ்வுப் பதிவுச் சர்வீஸ் ஆறு விநாடியில் நின்றது என்பதால் மற்றவையும் நின்றுவிட்டன என்று ஆகாது. எழுதுபவரே முதலில் எழுந்து போய்விட்டால், பிறகு நடப்பதைக் குறிப்பெடுக்க யார் இருக்கிறார்கள்? நிற்காமல் சிக்கிக்கொண்டிருக்கும் வேறொரு சர்வீஸ் இருந்திருந்தால் அந்தப் பதிவில் தெரியவே தெரியாது.

பழுதுநீக்கி

இது நியாயமான தடை. அந்தப் பதிவு ஒன்றே போதாதுதான். எனவே இரண்டு சான்றுகள் கூடுதலாகத் தேவை.

முதலாவது: ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கேஎல்எம் கிளையில், 'சாஃப்ட்வேர்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'கரண்ட் வெர்ஷன்', 'பாலிசீஸ்', 'சிஸ்டம்' என்ற வரிசையில் சென்று, 'வெர்போஸ் ஸ்டேட்டஸ்' என்ற பெயரில், இடைவெளி இல்லாமல், டிவேர்ட் எனப்படும் எண் வகை மதிப்பு ஒன்றை உருவாக்கி அதற்கு 1 கொடுங்கள். அதன்பின் அணைக்கும்போது விண்டோஸ் வெறும் 'ஷட்டிங் டவுன்' என்று மட்டும் காட்டாமல், எந்த வேலையில் இருக்கிறது என்பதையும் திரையில் சொல்லும். ஏதேனும் சர்வீஸ் சிக்கியிருந்தால் அதை நிறுத்த முயலும் வரியிலேயே திரை நிற்கும்.

இரண்டாவதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். அந்த மூன்று நிமிடமும் பெட்டியின் முகப்பில் உள்ள டிஸ்க் விளக்கைப் பாருங்கள். வன்பொருளை இயக்கும் ஒரு டிரைவர் பவர் கட்டளைக்குப் பதில் சொல்லாமல் சிக்கியிருந்தால் விளக்கு பெரும்பாலும் இருண்டே கிடக்கும். அந்த நிலை நீண்டால் கடைசியில் நீலத்திரையே வரும். விளக்கு விடாமல் எரிந்தால், யாரோ எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

மாலைத்தென்றல்

நீங்கள் சொன்னபடி செய்தேன். சர்வீஸ்கள் பற்றிய வரிகள் சில விநாடிகளில் கடந்துவிட்டன. அதன்பின் பழைய 'ஷட்டிங் டவுன்' மட்டும் நின்றது. அந்த நேரம் முழுவதும் டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் ஒரே சீராக எரிந்தது. டிஸ்க்கின் மெல்லிய ரீங்காரமும் கேட்டது. விளக்கு அணைந்த உடனேயே கணினியும் அணைந்தது.

பழுதுநீக்கி

இனி ஒரே ஒரு சந்தேகம்தான் எனக்கு. ரெஜிஸ்ட்ரியில் 'செஷன் மேனேஜர்' என்பதன் கீழுள்ள 'மெமரி மேனேஜ்மென்ட்' பகுதியில் 'கிளியர் பேஜ்ஃபைல் அட் ஷட்டவுன்' என்ற மதிப்பு என்னவென்று பாருங்கள். இயல்பாக அது 0. அது 1 ஆக இருந்தால், அணைக்கும் ஒவ்வொரு முறையும் பேஜ் ஃபைலை, அதாவது நினைவகத்தில் உள்ளவற்றை விண்டோஸ் தற்காலிகமாக டிஸ்க்கில் இறக்கி வைக்கும் கோப்பை, பூஜ்யங்களால் நிரப்பி அழித்துவிட்டுத்தான் விண்டோஸ் விடைபெறும். உங்கள் பேஜ் ஃபைல் 16 ஜிபி என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 100 எம்பி எழுதும் ஹார்ட் டிஸ்க்குக்கு அதை நிரப்ப 164 விநாடி, அதாவது இரண்டே முக்கால் நிமிடம் ஆகும். நீங்கள் சொன்ன நேரத்தோடு இது பொருந்துவது தற்செயலாக இராது என்று நினைக்கிறேன்.

மாலைத்தென்றல்

மதிப்பு 1 ஆகத்தான் இருந்தது. பேஜ் ஃபைலும் 16 ஜிபி என்று நிலையாக வைக்கப்பட்டிருந்தது. கணினியைச் சீர்படுத்தித் தருவதாகச் சொன்ன ஒரு மென்பொருளை முன்பு நிறுவி நீக்கியிருந்தேன். அந்தரங்கப் பாதுகாப்பு என்ற தலைப்பில் அதிலிருந்த எல்லாப் பெட்டிகளிலும் குறியிட்ட நினைவு இருக்கிறது. மென்பொருள் போய்விட்டது, அது வைத்த மாற்றம் போகவில்லை. மதிப்பை 0 ஆக்கினேன். மாற்றம் நடப்புக்கு வருவதற்கான முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பின், கணினி பத்து விநாடிக்குள் அணைகிறது.

பூட்டியகதவு

தாமதமாக நுழைகிறேன், ஆனால் எல்லாரும் மகிழ்ச்சியோடு கலைந்து போவதற்குமுன் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியுள்ளது. அந்த அமைப்பு வெறும் தொல்லையாக உருவாக்கப்படவில்லை. நினைவகத்தில் இருந்தவற்றின் துண்டுகள், அவற்றில் கடவுச்சொல்லோ ஒரு ஆவணத்தின் பக்கமோ இருக்கக்கூடும், பேஜ் ஃபைலில் தங்கிவிடுகின்றன. இயக்குதளம் ஓடும்போது அந்தக் கோப்பை யாரும் எளிதில் திறக்க முடியாது. ஆனால் அணைந்த கணினியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் பொருத்தினால் படித்துவிடலாம். இங்கே அதற்குக் கழற்றக்கூட வேண்டாம். அதே டிஸ்க்கில் உள்ள லினக்ஸிலிருந்தே படிக்கலாம். மூன்று நிமிடத்தைச் சேமிக்கப் பாதுகாப்பை விற்றுவிட்டீர்கள் என்பதே என் கருத்து.

பழுதுநீக்கி

ஆபத்து உண்மையானது, மருந்துதான் பொருத்தமில்லை. டிஸ்க்கைக் கழற்றிச் செல்பவர் பேஜ் ஃபைலை மட்டுமா பார்ப்பார்? உங்கள் ஆவணங்கள் முழுவதும் பக்கத்திலேயே பூட்டில்லாமல் கிடக்கின்றன. அந்த அச்சம் இருப்பவர் டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்ய வேண்டும், அதாவது சாவி இன்றிப் படிக்க முடியாதபடி மாற்ற வேண்டும். அப்போது பேஜ் ஃபைலும் அதற்குள் அடங்கிவிடும், தனியாக அழிக்கத் தேவையில்லை. பேஜ் ஃபைலை மட்டும் குறியாக்கம் செய்ய 'எஃப்எஸ்யூடில்' கட்டளையில் வழி இருக்கிறது. எப்படியானாலும், மின்சாரம் திடீரென்று போனாலோ வீட்டில் ஒருவர் பவர் பொத்தானை நான்கு விநாடி அழுத்திப் பிடித்தாலோ அந்த அழிப்பு நடக்கப்போவதே இல்லை. மூன்று நிமிடம் இழுத்தடித்து அத்தகைய பொறுமையின்மையை வளர்ப்பதும் இதே அமைப்புதான்.

பூட்டியகதவு

குறியாக்கம் சிறந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் விண்டோஸின் ஹோம் பதிப்பில் கோப்புக் குறியாக்க வசதி கிடையாது. டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரின் முழு வசதிகளும் கிடையாது. பழைய மேசைக் கணினி வைத்திருப்பவரிடம் 'குறியாக்கம் செய்யுங்கள்' என்று சொல்வது எளிது. அவர் செய்யும்வரை அந்த 1 இருந்துவிட்டுப் போகட்டும், பேஜ் ஃபைலின் அளவை 4 ஜிபி ஆக்கிக்கொள்ளட்டும் என்பேன். அழிப்பதற்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும்.

மாலைத்தென்றல்

என்னிடம் இருப்பது ப்ரோ பதிப்பு. பிட்லாக்கரை இயக்கப் போகிறேன். லினக்ஸ் பகுதியைத் தனியாகக் குறியாக்கம் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் இரண்டையும் முழுமையாக பேக்கப் எடுத்தபின்தான் தொடங்குவேன். அதுவரை மதிப்பு 0 ஆகவே இருக்கும்.

வேகமே_வெற்றி

இந்தக் கணினிக்குக் காரணம் வேறு என்பது தெரிந்துவிட்டது. ஆனால் என் கணினியில் அச்சுப்பொறியோடு வந்த ஒரு சர்வீஸ் ஒவ்வொரு முறையும் காத்திருப்பின் எல்லை வரை இழுக்கிறது. அதன் புதிய பதிப்பும் அப்படித்தான் இருக்கிறது. அங்கே 2000 என்று வைத்ததால்தான் நிம்மதி. அதை மாற்றப் போவதில்லை.

பழுதுநீக்கி

எந்த சர்வீஸ் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஆகவே உங்கள் நிலை வேறு. ஆனாலும் அந்த 2000, ஒழுங்காக எழுதி முடிக்க நாலு விநாடி கேட்கும் மற்ற சர்வீஸ்களையும் சேர்த்தே வெட்டுகிறது. சர்வீஸ்கள் பட்டியலில் அந்த அச்சுப்பொறி சர்வீஸின் தொடக்க வகையை மட்டும் 'மேனுவல்' ஆக்கி, அச்சிடுவது தடைப்படவில்லையா என்று பாருங்கள். பெரும்பாலும் மை அளவு காட்டுவது போன்ற உதிரி வேலைகளுக்குத்தான் அவை ஓடுகின்றன. பிறகு மதிப்பை 5000-க்குத் திருப்பி, ஈவென்ட் வியூவரின் 'டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' பதிவில் 203 என்ற எண் மீண்டும் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். அணைப்பைத் தாமதப்படுத்திய சர்வீஸின் பெயரும் அது எடுத்துக்கொண்ட மில்லிவிநாடியும் அதில் இருக்கும்.