புதுப்பிப்பு: அண்ணனோட முதுகு வலி டிஸ்க் இல்லங்க

ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன்ல, அண்ணனுக்கு மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பில வந்த கட்டிய மூக்கு வழியா ரெண்டு தடவ ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு, இப்ப இடுப்பு வலிக்குது காலு மரத்துப் போகுது, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமான்னு. இங்க நெறைய பேரு டிஸ்க்னு சொன்னீங்க, பாத்த டாக்டரும் அதையே சொல்லி பெல்ட் போட வச்சதுல ஆறு வாரம் வீணாப் போச்சு. எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தா தண்டுவடத்துக்கு பரவியிருக்கு. பயாப்ஸிலயும் அதே கட்டிதான், புரோலாக்டின்ங்கற ஹார்மோன சுரக்குற வகை. ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குதான் இப்படிப் பரவுமாம், அது எங்க வீட்டுக்கா வரணும்.

முதுகுக்கு பத்து சிட்டிங் ரேடியேஷன் முடிஞ்சுது. டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு போட்ட மூணாம் நாளே வலி பாதி கொறஞ்சுது, ஆனா சுகர் எகிறிடுச்சு, தூக்கமும் போச்சு.

இப்ப டெமோசோலோமைடுங்கற கீமோ மாத்திரை, 28 நாளைக்கு ஒருக்க 5 நாள், ராத்திரி வெறும் வயித்துல, அதுக்கு முன்னாடி வாந்தி மாத்திரை. அம்மா கேப்ஸ்யூலப் பிரிச்சு பால்ல கலக்கப் போனாங்க, பாத்து புடுங்கிட்டேன், அத தொறக்கவே கூடாதாம். எல்லாருக்கும் இது கேக்காதுதான், ஆனா கட்டிக்குள்ள எம்ஜிஎம்டிங்கற புரதம் கம்மியா இருந்தா கேக்க வாய்ப்பு ஜாஸ்தின்னாரு டாக்டர், அண்ணனுக்கு கம்மி.

இந்த 28 நாள் சுத்து ரெண்டு ஆச்சு, புரோலாக்டின் எறங்கியிருக்கு, பிளேட்லெட்தான் கொஞ்சம் தடுமாறுது. மூணாவது முடிஞ்சதும் மறுபடி எம்ஆர்ஐ. நேத்து வாக்கர் புடிச்சு தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிட்டு, சக்கரை போடாத டீயான்னு மாஸ்டர்கிட்ட சண்ட போட்டுட்டு வந்தாரு.